புரதப் பிணைப்பிடம் கண்டறிதல்

புரதத்தின் மேற்பரப்பில் மருந்து மூலக்கூறு பொருந்தித் தங்கக்கூடிய குழிவுகளைக் கணிக்கும் துறை. பெரும்பாலான மருந்துகள் ஏதேனும் ஒரு புரதத்தைத் தடுத்தோ தூண்டியோ செயல்படுவதால், மருந்துத் தேடலின் முதற்படிகளுள் இதுவும் ஒன்று.

நொதிக்கும் அது பற்றும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை எமில் ஃபிஷர் 1894இல் பூட்டும் சாவியுமாக விளக்கினார். 1965இல் டேவிட் பிலிப்ஸ் குழு லைசோசைம் நொதியில் பொருள் பொருந்தும் பிளவை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் காட்டியது.

சென்னைக் காலம்: குழிவைத் தேடுமுன் புரத அமைப்பு சரியா என்று பார்க்க வேண்டும்; அதற்கான வழி சென்னையில் பிறந்தது. ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். அங்கு வருகை தந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று கூறியதே அவரது கொலாஜன் ஆய்வுக்குத் தூண்டுதல் என்பர். சுறாத் துடுப்பும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாணும் ஆய்வுப் பொருள்களாயின. கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டு, மறு ஆண்டே அதைச் சுருள்மேல் சுருளாகத் திருத்தினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னைக் குழு. ஒன்றே என்றனர் இதே அமைப்பை ஆராய்ந்த ரிச்சும் கிரிக்கும். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குவதாகவும் ஆட்சேபித்தனர். பிற்காலச் சான்றுகள் ஒரு பிணைப்பின் பக்கமே சாய்கின்றன. கண்டுபிடிப்பின் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த ஆட்சேபத்தையே இராமச்சந்திரன் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைத்தூரங்களைத் திரட்டி, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டதே, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடம். இன்று கணினி கணித்துத் தரும் புரத அமைப்பும் இவ்வரைபடத்தில் சரிபார்க்கப்படுகிறது. சங்கிலி பிசகிய அமைப்பில் தெரியும் குழிவை நம்ப முடியாது.

கணினிக் காலம்: 1990களின் நிரல்கள் குழிவைப் பெரும்பாலும் வடிவியலால் தேடின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2008இல் குழிவு தேடும் ‘பாக்கெட்டெப்த்’ நிரல் உருவானது.

இயந்திரக் கற்றல்: மருந்து போன்ற சிறு மூலக்கூறுகள் ஒட்டிய நிலையில் பதிவான புரத அமைப்புகளைக் காட்டி நிரலைப் பழக்குவது இம்முறை. ‘டீப்சைட்’ (2017) புரதத்தைச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து நரம்பு வலையமைப்பால் படித்தது. ‘பி2ரேங்க்’ (2018) மேற்பரப்புப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் அண்டை அணுக்களின் தன்மையைக் கொண்டு மதிப்பெண் இடுகிறது. மருந்து நெருங்கும்போது மட்டும் திறக்கும் மறைகுழிவுகள் இன்னும் கடினமானவை. சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிஹாவின் குழு புரதப் பிணைப்பை இயந்திரக் கற்றல் வழியில் ஆராய்கிறது.

மூலிகைத் தரவு: சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ‘இம்பாட்’ தரவுத்தளத்தின் (2018) இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவர வேதிப்பொருள்களும் உள்ளன. இப்பொருள்கள் எந்தப் புரதத்தில் எங்கே ஒட்டும் என்று கணினியில் சோதிக்கலாம். கணிப்பு மட்டும் மருந்தாகாது, ஆய்வகச் சோதனை வேண்டும். எடுத்துக்காட்டாக, நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில், பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியான முடவாட்டுக்காலின் பழுப்பு மயிர் மூடிய கிழங்கை மூட்டுவலிக்குச் சூப் வைத்துக் குடிக்கின்றனர். இத்தகைய வழக்கு மருந்துகளைப் புரத அளவில் ஆராய இத்தரவுகள் வழி தருகின்றன.

அண்மை: 2024இல் வெளியான ஆல்ஃபாஃபோல்ட் 3 புரதத்தையும் அதில் ஒட்டும் சிறு மூலக்கூறையும் சேர்த்தே கணிக்கிறது.