துரியோதனனுக்காக அழும் ஊர்

தர்மபுரி என்றதும் பட்டணத்து நண்பர்களுக்கு இரண்டே விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒன்று, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான். மற்றொன்று, மழை பொய்த்த வானம். “அந்தப் பக்கத்தில் நாடகம்கூட உண்டா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்டு. சென்னைச் சபாக்கள் மார்கழியைப் பிடித்துக்கொண்டது போல, தர்மபுரிக் கிராமங்கள் கோடையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அறுப்பு முடிந்து, களம் ஒழிந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிடும். அன்று முதல் ஊருக்கு இரண்டே காரியம்: பகலில் பாரதம் கேட்பது, ராத்திரியில் கூத்துப் பார்ப்பது.

இதற்கு டிக்கெட் கிடையாது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊரே செலவை ஏற்றுக்கொள்கிறது. சில ஊர்களில் 10 நாள், சில ஊர்களில் 18 நாள், வசதிப்பட்டால் அதற்கு மேலும் நடக்கும். பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போனவர்கள் இதற்காக லீவு போட்டுவிட்டு வந்து சேருகிறார்கள். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாட்டை எடுத்துச் சொல்லிப் பொருள் விரிப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் கிளம்பும். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கட்டியங்காரன் கேலி பேசிக் கூட்டத்தை விழிக்க வைப்பான். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வேஷம் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வரும். கிரீடமும் புஜக்கட்டையும் கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னிய அந்தச் சில்லுகள் இப்போது மின்சார விளக்கில் மின்னுகின்றன. மற்றபடி, விடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போவதில்லை என்ற வழக்கம் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது.

பாரதம் கேட்கும் ஆசை நேற்று முளைத்ததல்ல. காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்திலேயே கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, வரபதி ஆட்கொண்டான் என்ற குறுநில மன்னனின் ஆதரவில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடினார். படித்தவர் வீட்டுப் புத்தகமாக மட்டும் அது நின்றுவிடவில்லை. கூத்துக்காரர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள்.

ஆனால், இத்தனை கதைகள் இருக்க இந்த வறண்ட சீமைக்குப் பாரதத்தின்மேல் ஏன் இவ்வளவு பிரியம்? வீட்டில் பாரதம் படித்தால் சண்டை வரும் என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. அதே சமயத்தில், மழை வேண்டுமென்றால் விராட பருவம் வாசிக்க வேண்டும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. விராட பருவத்தில் என்ன நடக்கிறது? துரியோதனன் படை விராடனுடைய பசுக்களை ஓட்டிக்கொண்டு போகிறது. பேடி வேஷத்தில் மறைந்திருந்த அர்ச்சுனன் மீட்டுக்கொண்டு வருகிறான். கூத்தில் இதற்கு ‘மாடுபிடி சண்டை’ என்று பெயர்.

இந்த மாடுபிடி சண்டை தர்மபுரிக்காரருக்கு வியாசர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களுடைய சொந்த மண்ணில் அது கல்லில் எழுதியிருக்கிறது. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக நடுகற்களைப் பார்க்கலாம். கையில் வில்லும் வாளுமாக வீரன் நிற்பான். மேலே வட்டெழுத்தில் அவன் பெயரும், எந்த ராஜா காலத்தில் எந்தத் தொறுவுக்காகச் செத்தான் என்ற விவரமும் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்துச் செங்கம் சீமையில், எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் எசமானுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு திருடர்களைக் கடித்ததாம். மனிதனுக்குச் சமமாக நாய்க்கும் புகழ் எழுதி வைத்த ஜனங்கள் அவர்கள்!

இந்தக் கற்களில் என் மனத்தைத் தொட்ட விசேஷம் வேறொன்று. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. மாட்டை ஓட்டப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. நியாயம் யார் பக்கம் என்று கல் விசாரிப்பதில்லை. களத்தில் விழுந்தான், அது போதும்.

இந்தக் கண்ணோடு கூத்தைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன. கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரி ஊர் முழுவதும் அழுகிறது. கர்ணன் எதிரிப் படைக்காரன்தான். ஆனாலும் பிறப்பைச் சொல்லி மனைவி பொன்னுருவியே அவனை இழிவாகப் பேசும்போது, முன் வரிசைக் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான கம்பத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்திக் கீழே காத்திருப்பார்கள். அங்கே நாடகம் எது, பிரார்த்தனை எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் படுகளம். கோயிலுக்கு முன்னால் வெட்டவெளியில், துரியோதனன் மல்லாந்து கிடப்பது போல மண்ணால் பிரம்மாண்டமான உருவம் செய்து வர்ணம் பூசியிருப்பார்கள். கடைசி ராத்திரிக் கூத்து முடிந்ததும் பீமனும் துரியோதனனும் அந்த மண்மேலேயே சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை பிளக்கும், சிவப்பு நீர் கொட்டும். சபதம் செய்து விரித்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்வாள். அன்று சாயங்காலம் தீமிதி.

இதற்கு நடுவில், விழுந்து கிடப்பவனுக்காக ஒப்பாரி எழுகிறது. மண்ணில் கிடக்கும் துரியோதனனைப் பார்த்து, அவனுக்கு உரியவளின் வேஷம் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறது. அம்மன் வெற்றி கொண்டாட வந்த பெண்களுடைய கண்களும் அந்த நிமிஷத்தில் கலங்கிவிடுகின்றன. பதினெட்டு நாளும் அவனைத் திட்டித் தீர்த்தவர்கள்தாம். அந்த ஒப்பாரியில் எனக்குக் கேட்பது நடுகல்லின் குரல்.

1985இல் பிரான்ஸ் தேசத்தின் அவிஞோன் நகருக்கு அருகில், ஒரு கல் குவாரியில், பீட்டர் புரூக் என்ற நாடக மேதை மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நடத்தினார். உலகமே வியந்தது. வியக்கத் தக்கதுதான். ஆனால் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பது நம் ஊர்க் கிழவிக்கு ஒரு ராத்திரிக் கணக்கு. அவள் பத்து ராத்திரி உட்கார்ந்து, பதினோராம் நாள் நெருப்பிலும் இறங்குகிறாள்.

இவ்வளவு பெருமையும் சொன்ன பிறகு, சொல்லக் கசக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பர் 7ஆம் தேதி, இதே தர்மபுரிக்கு அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் 200க்கும் மேல் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஜாதியைக் கடந்து இரண்டு இளம் உயிர்கள் கல்யாணம் செய்துகொண்டதைத் தொடர்ந்து மூண்ட தீ அது. சுபத்திரை கல்யாணக் கூத்தில், சந்நியாசி வேஷத்தில் வந்த அர்ச்சுனனோடு அண்ணன் பலராமனுக்குத் தெரியாமல் சுபத்திரை புறப்பட்டுப் போகிறாளே, அப்போது சிரித்து ரசிக்காத ஊர் உண்டா? பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட கர்ணனுக்காக அழாத ஊர் உண்டா?

நான் கூத்தைக் குற்றம் சொல்லவில்லை. கூத்து தன் வேலையைச் சரியாகவே செய்து வந்திருக்கிறது. சுபத்திரையின் ஆசையும், கர்ணனின் அவமானமும், எதிரியின் சாவும் நம்முடைய விஷயங்கள் என்று வருஷந்தோறும் ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வைத்துச் சொல்கிறது. கேட்பவர்கள் அதை விடியும்போது கோயில் வாசலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், வாத்தியார் என்ன செய்வார்?

படுகளம் முடிந்ததும் சில ஊர்களில், துரியோதனன் உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்த் தானியக் குதிரில் போட்டு வைக்கிறார்கள். குதிர் குறையாது என்பது நம்பிக்கை. செத்த எதிரியின் உடம்பு மண்ணைக்கூடச் செல்வமென்று வீட்டுக்குள் கொண்டு போகத் தெரிந்தவர்கள், உயிரோடிருக்கும் அண்டை வீட்டானை வாசற்படி ஏற்றவும் கற்றுக்கொள்வார்கள் என்றே நான் நம்புகிறேன். அந்தப் பாடம் வேறெங்கேயும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. அடுத்த கோடையில் கொடி ஏறும்.