வாரம் 10 டாலர்

கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க உதவும் மாணவர்களுக்கு அமெரிக்காவில் சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. "சேவைக்கு எதுக்குங்க காசு?" என்று நானும் கேட்டவன்தான். 1964 மிசிசிப்பியைப் பற்றிப் படித்த பிறகு கேட்பதில்லை.

1962-ல் அந்த மாநிலத்தில் வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பின மக்களில் 7 சதவீதம் பேர்கூடப் பட்டியலில் இல்லை. பெயர் சேர்க்கப் போனால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை விளக்கி எழுதணும். அது சரியா தப்பா என்று முடிவு செய்பவர் வெள்ளைக்காரப் பதிவு அலுவலர். ஃபேனி லூ ஹேமர் 1962-ல் விண்ணப்பம் கொடுத்தார். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார்.

இந்த ஊர்களில் தங்கி வேலை பார்த்தவர்கள் எஸ்என்சிசி என்ற மாணவர் அமைப்பின் களப்பணியாளர்கள். சம்பளம் வாரம் 10 டாலர். வரி போகக் கைக்கு வந்தது 9 டாலர் 64 சென்ட். சம்பளம் என்பதைவிட சோத்துக்காசுன்னு சொல்லலாம். ஆனால் அது இருந்ததால்தான் உள்ளூர்ப் பிள்ளைகளால் முழுநேரமாக நிற்க முடிந்தது.

1964 கோடைக்கு வெளியிலிருந்து சுமார் 1000 தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் வடமாநில வெள்ளை மாணவர்கள். சம்பளம் கிடையாது. ஜாமீனுக்கு 500 டாலர் கையில் வேணும், சாப்பாட்டுச் செலவும் சொந்தம். கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த வருஷ ஃபீஸ் என்கிற மாணவன் எப்படி வருவான்?

வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்தால்தான் நாடு திரும்பிப் பார்க்கும் என்பது அமைப்பாளர்களுக்கும் தெரியும். அப்படியே ஆச்சு. ஜூன் 21 அன்று செய்னி, குட்மேன், ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். செய்னி உள்ளூர்க் கறுப்பின இளைஞர், மற்ற இருவரும் நியூயார்க் வெள்ளையர்கள். எஃப்பிஐ-யும் கடற்படையினரும் தேடினார்கள். அந்தத் தேடல் நடந்த ஜூலையில், மே மாதம் கொல்லப்பட்டிருந்த வேறு இரண்டு கறுப்பின இளைஞர்களின் உடல்கள் ஆற்றில் கிடைத்தன. அவர்களை நாடு தேடியதே இல்லை.

அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் பெயர் சேர்க்க முயன்றார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1600 பேர்தான். மறுவருஷம் ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-க்குள் மிசிசிப்பியில் அந்த 7 சதவீதம் ஏறக்குறைய 60 ஆனது.

கோடை முடிந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். வாரம் 10 டாலர் வாங்கியவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். இன்றைய உதவித்தொகையை அதோடு சேர்த்துத்தான் இப்போது பார்க்கிறேன். அந்தக் காசு இருந்தால், அதே தெருவில் வளர்ந்த பெண்ணே போய்த் தன் தெருக் கதவுகளைத் தட்டலாம்.