குருதியும் மூச்சும்
ஜோர்ஜ் வாஷிங்டனின் இறுதிநாள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1799ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சனாதிபதியாக விளங்கி ஓய்வுபெற்றிருந்த ஜோர்ஜ் வாஷிங்டன், வேர்ஜீனியாவில் மவுண்ட் வேர்ணன் என்ற இடத்திலிருந்த தமது பண்ணைகளைப் பார்வையிடக் குதிரையேறிச் சென்றார். பனியும் ஆலங்கட்டியும் மழையும் மாறிமாறிப் பெய்த அன்று ஏறக்குறைய ஐந்து மணிநேரம் வெளியே கழித்தவர், ஈர உடையுடனேயே உணவுக்கு அமர்ந்தார். மறுநாள் தொண்டை நொந்தது. எனினும் வெட்டவேண்டிய மரங்களுக்கு அடையாளமிட வெளியே போனார். 14ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், பேசவும் மூச்சுவிடவும் இயலாதவராய் மனைவியை எழுப்பினார். அன்றிரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அவருயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 67.

இம்மரணம் பற்றி எழுதுவோர் பலரும் அவருடலிலிருந்து எடுக்கப்பட்ட குருதியின் அளவைச் சொல்லி வியப்பதோடு அமைந்துவிடுவர். அவ்வியப்பு நியாயமானதே. ஆயின் அந்நாளின் நிகழ்ச்சிகளை ஒழுங்காக நோக்குமிடத்து, அந்த அறையில் நடந்தது குருதி பற்றிய பிழை மட்டுமன்று, மூச்சுக்கும் குருதிக்கும் இடையே எதனை முதலிற் கவனிப்பது என்பதில் எழுந்த ஒரு வழக்கு என்பதும் புலப்படும்.

வாஷிங்டனின் செயலாளர் ரோபயஸ் லியர் அந்நாளின் நிகழ்வுகளை மணிக்கணக்கிற் குறித்துவைத்தார். சர்க்கரைப்பாகு, வினாகிரி, வெண்ணெய் கலந்த பானம் ஒன்று முதலிற் கொடுக்கப்பட்டது. ஒரு துளிதானும் உள்ளே இறங்கவில்லை. விழுங்க முயன்றபோதெல்லாம் மூச்சடைத்து உடல் பதறியது. வைத்தியர் வருமுன்னரே, பண்ணை மேற்பார்வையாளரான றோலின்ஸ் என்பவரை அழைப்பித்துக் குருதி எடுக்கச் செய்தவர் நோயாளியேயாவார். றோலின்சின் கை நடுங்கியது. அதிகம் எடுக்கவேண்டாமென மனைவி மார்த்தா மன்றாடினார். இன்னும் எடுக்குமாறு வாஷிங்டன் பணித்தார். ஆகவே குருதி வடித்தல் வைத்தியர் அவர்மீது திணித்த கொடுமையன்று. அது அக்காலக் கற்றோரின் பொதுநம்பிக்கை. அழற்சி என்பது குருதி மிகையால் வருவது, குருதியைக் குறைத்தால் அழற்சியும் தணியும் என்பதே அந்நம்பிக்கையின் சாரம்.

காலையில் வந்த ஜேம்ஸ் கிரெயிக் எழுபதை அணுகிய முதியவர்; 1754 முதல் போர்க்களங்களில் வாஷிங்டனுடன் பழகிய உயிர்த்தோழர். அவர் தொண்டையின் மேற்புறத்திற் கொப்புளம் எழுப்பும் மருந்திட்டார். மீண்டும் இருமுறை குருதி எடுப்பித்தார். வினாகிரியும் சேஜ் இலைத் தேநீரும் கலந்து கொப்பளிக்கக் கொடுத்தார். கொப்பளிக்க முயன்ற நோயாளி மூச்சடைத்துச் சாகும் நிலையை அடைந்தார். பிற்பகல் மூன்று, நான்கு மணியளவில் இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் எடின்பரோவிற் பட்டம் பெற்ற குஸ்தாவஸ் பிறவுண், வயது 52. மற்றவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த எலிஷா டிக், வயது 37. நான்காம் முறையாக 32 அவுன்ஸ் குருதி எடுக்கப்பட்டது இவர்கள் வந்த பின்னரேயாகும். அது மெதுவாகவும் தடிப்பாகவும் வடிந்ததாகக் குறிப்புண்டு. அந்த ஒரே நாளில் எடுக்கப்பட்ட மொத்தக் குருதி சுமார் 80 அவுன்ஸ் எனக் கணிப்பர். இரண்டேகால் லீற்றருக்கு மேற்பட்ட அளவு அது.

அன்றைய தினமே பிலடெல்பியாவில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. 1793இன் மஞ்சட்காய்ச்சலின்போது தாராளமாகக் குருதி வடித்துப் புகழும் பழியும் பெற்றவர் பெஞ்சமின் றஷ். அவரைப் பத்திரிகையிற் சாடிய வில்லியம் கொபெற், மானநட்டமாக 5000 டொலர் செலுத்தவேண்டுமென 1799 டிசெம்பர் 14ஆம் நாளே தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் ஓரிடத்தில் அம்முறையின் புகழைக் காக்க, வேறோரிடத்தில் அம்முறை ஒருவரை வலுவிழக்கச் செய்துகொண்டிருந்தது!

டிக் நான்காம் குருதி வடித்தலை எதிர்த்தார். நோயாளிக்கு அவருடைய வலிமை முழுவதும் வேண்டும், குருதி எடுத்தால் அது குறையும் என்பது அவர் வாதம். அத்துடன் அவர் நின்றாரில்லை. குரல்வளைக்குக் கீழே வாதனாளியைத் துளைத்து மூச்சுக்கு வேறு வழி அமைக்கலாம் என்று முன்மொழிந்தார். குரல்வளையிலுள்ள தடையை நீக்குவதற்குக் கால அவகாசம் பெறுவதே தமது நோக்கம் எனப் பின்னர் அவர் எழுதினார். இக்கருத்து ஆழ்ந்து நோக்கற்பாலது. நோயின் பெயர் யாதாயினும் ஆகுக, அடைபட்டிருப்பது மூச்சின் வழி. வழியைத் திறந்தபின் நோயை ஆராயலாம் என்பதே அதன் பொருள். மூத்தோர் இருவரும் உடன்படவில்லை.

அவர்களைப் பேதையர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது வரலாறாகாது. வாதனாளி திறத்தல் பண்டுதொட்டு அறியப்பட்டதேயாயினும், அதுவரை ஏட்டில் ஏறிய வெற்றிகள் மிகச் சிலவே. ஈதர் மயக்கமருந்து பொதுவில் அறிமுகமாக 1846 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கிருமிநீக்கத்தைப் பற்றி எவரும் அறியார். இத்தகைய கத்தியை நாட்டின் தந்தையெனப் போற்றப்பட்டவரின் கழுத்தில் வைக்க எவருக்குத் துணிவு வரும்? குருதி வடித்து நோயாளி இறந்தால் வைத்தியர் மரபைப் பின்பற்றியவராவார். கழுத்தைத் திறந்து இறந்தால் கொன்றவராவார். மரபு தரும் பாதுகாப்பு நோயாளிக்கு உரியதன்று, வைத்தியருக்கு உரியது.

சொல் எடுபடாதோர் அவ்வறையில் வேறுஞ் சிலர் இருந்தனர். மார்த்தாவின் வேண்டுகோள் மறுக்கப்பட்டதை முன்னர் கண்டோம். கிறிஸ்தோபர் ஷீல்ஸ் என்னும் அடிமை அன்று பெரும்பொழுதும் கட்டிலருகே நின்றார். அதனைக் கண்ட வாஷிங்டன் அவரை உட்காரப் பணித்தாரென லியர் எழுதுகிறார். அதே ஆண்டு செப்டெம்பரில் இந்த ஷீல்ஸ் தப்பியோட வகுத்த திட்டம் வாஷிங்டனுக்குத் தெரியவந்திருந்தது. கரோலைன், மொலி, சார்லற் என்னும் அடிமைப் பெண்கள் கதவருகே நின்றனர். அவ்வறையில் இருந்து அந்த மூச்சின் ஒலியைக் கேட்டோருள் இவர்களும் அடங்குவர்.

நோய் யாது? கிரெயிக்கும் டிக்கும் வெளியிட்ட அறிக்கை அதனை 'சைனாங்கி திறாக்கியாலிஸ்' என்றது. அன்று பல்வேறு தொண்டை நோய்களைக் குறித்த பரந்த சொல் அது. பிற்கால ஆய்வாளரிற் சிலர் தொண்டைக்கரப்பன் என்றனர். சிலர் உண்ணாக்கின் அருகே சீழ்கட்டும் நோய் என்றனர். இன்று மிகப் பலர் ஏற்பது மூச்சுக்குழல் வாய்மூடியின் கடும் அழற்சி என்பதையே. விழுங்க இயலாமை, குரல் அடைத்தல், படுக்கையில் நிலைகொள்ளாமை, ஒரே நாளில் நோய் முற்றுதல் யாவும் அதற்குப் பொருந்துகின்றன. மூன்று வைத்தியருள் எவரும் அவ்வுறுப்பைக் கண்ணாற் கண்டிலர். காணும் கருவி அன்று இல்லை. உயிருள்ள மனிதரின் குரல்வளையைக் கண்ணாடி கொண்டு காணும் முறையை 1854இற் கண்டறிந்த மனுவேல் கார்சியா ஒரு வைத்தியருமல்லர், இசையாசிரியர். அவர் முதலிற் பார்த்தது தம் குரல்வளையையே.

வாதனாளி திறத்தலுக்கு மதிப்புத் தேடித்தந்தவர் பிரான்சின் தூர் நகரத்துப் பியர் பிரெதொன்னோ. இருமுறை தோற்றபின், 1825இல், தொண்டைக்கரப்பனால் மூச்சடைத்த ஒரு சிறுமியை அவர் காப்பாற்றினார். அவர் மாணவர் துரூசோ அம்முறையை நூற்றுக்கணக்கானோரிற் கையாண்டார். நால்வரில் ஒருவரளவிலேயே பிழைத்தனர் என்பதை அவரே மறைக்காது கூறினார். அந்த ஒருவரும் சத்திரசிகிச்சையின்றி இறந்திருக்கக்கூடியவர் என்பதே அவர் வாதம். வாஷிங்டன் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த வாதம் இது.

இன்று இத்தகைய நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் படுக்கவைக்க முயல்வதில்லை, அவர் விரும்பியவாறு அமரவிடுவர். குழந்தையாயின் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்ப்பதையும் தவிர்ப்பர். அச்செயலே மூச்சை முற்றாக அடைத்துவிடக்கூடும். ஒட்சிசன் கொடுத்து, மயக்கமருந்து நிபுணரையும் காது மூக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரையும் அழைத்து, வேண்டின் குழாய் செலுத்தியோ வாதனாளியைத் திறந்தோ வழியமைத்துக்கொள்வர். நுண்ணுயிர்கொல்லிகளும் நோயை நுணுகி நிர்ணயிக்கும் முறைகளும் மூச்சு உறுதிப்பட்ட பின்னரே முதன்மை பெறும். குழந்தைகளில் இந்நோய்க்கு முக்கிய காரணமாயிருந்த பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 1980களில் வந்தபின், அது பரவலாக இடப்படும் நாடுகளில் இந்நோய் குழந்தைகளிடம் அருகிவிட்டது.

கிரெயிக்கும் டிக்கும் கையொப்பமிட்ட அறிக்கையில் குருதி எடுத்த முறைகளும் கொடுத்த மருந்துகளும் விவரிக்கப்பட்டுள. வாதனாளி பற்றிய முன்மொழிவு அதில் இடம்பெறவில்லை. டிக் எதனால் அதற்கு இசைந்தார் என்பதை ஊகிக்கத்தான் முடியும். மூத்தவரைப் பழிக்க விரும்பாமை ஒரு காரணமாகலாம். உண்மை வெளிப்படுவது பிறவுண் 1800ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் கிரெயிக்குக்கு எழுதிய கடிதத்திலேயாகும். டிக்கின் சொற்படி மேலும் குருதி எடாதிருந்திருப்பின் தங்கள் நண்பர் அப்போதும் உயிரோடிருந்திருக்கக்கூடும் என்று அதில் அவர் எழுதினார். தமக்குத் தெரிந்த வரையில் நல்லதையே செய்ததாகவும், தாம் செய்தது சரியென அன்று நம்பியதாகவும் சேர்த்துக்கொண்டார்.