ஈரானியக் கிராமங்களில் கருத்தடை: அனுமதியும் வாய்ப்பும்

மக்கட்பேறு இறைவனின் அருட்கொடை என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், அடுத்த மகவைத் தள்ளிப்போட விரும்பும் தம்பதியருக்கு மார்க்கம் இடமளிக்கிறதா எனும் வினா நபிகளார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே எழுந்துவிட்டது. கருத்தரிப்பைத் தவிர்க்கும் பொருட்டு விந்தை வெளியே விடுகின்ற 'அஸ்ல்' முறையை, குர்ஆன் அருளப்பட்டுவந்த நாள்களில் தோழர்கள் கையாண்டதாக ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். இப்னு ஹஸ்ம் போன்றோர் இதனைத் தடுத்தனர். பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்தனர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், தாயின் உயிர்நலத்தையும் பெருங்குடும்பத்தால் நேரும் நெருக்கடியையும் ஏற்கத்தக்க காரணங்களாகக் கொண்டார்கள். பெண் பிறந்துவிடுமோ என்றஞ்சித் தவிர்ப்பதைக் கண்டித்தார்கள். மனைவியின் இசைவு வேண்டும் என்பது ஹனஃபி, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளின் பொதுவான நிலைப்பாடு.

நூல்களில் இருந்த இவ்வனுமதி சிற்றூரில் வாழும் ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டியதா? இவ்வினாவுக்கு ஈரானின் அண்மை வரலாறு தெளிவான விடை தருகிறது.

ஷா ஆட்சி 1967இல் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் 1976ஆம் ஆண்டு நிலவரப்படி, மணமான பெண்களுள் கருத்தடையைக் கடைப்பிடித்தோர் நகரங்களில் 54 விழுக்காடு. கிராமங்களிலோ 20 விழுக்காடே. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் மார்க்கத்திற்கு முரணானவை அல்ல என இமாம் கொமெய்னி தீர்ப்பளித்திருந்தபோதிலும், ஈராக்குடன் போர் நிகழ்ந்த காலத்தில் மக்கள்தொகைப் பெருக்கம் வலிமையாகவே கருதப்பட்டது. 1986ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மக்கள்தொகை ஐந்து கோடியை நெருங்கியதைக் காட்டியது. போர் ஓய்ந்த மறு ஆண்டு, அதாவது 1989இல், அரசு திட்டத்தை மீண்டும் கொணர்ந்தது.

இம்முறை அது கிராமங்களின் 'சுகாதார இல்லங்கள்' வழியே சென்றது. ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒன்றாக அமைந்த இவ்வில்லங்களில், அவ்வூர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற 'பெஹ்வர்ஸ்' எனும் பணியாளர்கள் இருந்தனர். தடுப்பூசி போட்டவர்களும் கருவுற்ற தாய்மாரைக் கண்காணித்தவர்களும் இவர்களே. கருத்தடை மாத்திரைகளும் இவர்களிடமே இலவசமாகக் கிடைத்தன. அயலாரிடம் கேட்க நாணிய பெண், தன் ஊர்ப் பெண்ணிடம் தயக்கமின்றிக் கேட்டாள்.

2000ஆம் ஆண்டில் நகர விகிதம் 77 ஆகவும் கிராம விகிதம் 67 ஆகவும் உயர்ந்தன. 34 புள்ளிகளாக இருந்த இடைவெளி பத்தாகச் சுருங்கியது. கிராமப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக எட்டுக்கு மேல் இருந்த மகப்பேறு 2.4 ஆனது. பெண்கல்வி பரவியமைக்கும் இதில் பெரும் பங்குண்டு. முன்னர்க் கிராமத்துப் பெண்கள் பின்தங்கியதற்கு அவர்களது மார்க்கப் பற்றைக் காரணமாகக் காட்டுவோர் இங்கே சிந்திக்க வேண்டும். இக்கால் நூற்றாண்டில் அப்பெண்களின் ஈமான் மாறிவிடவில்லை. அவர்களுக்குக் கிட்டிய கல்வியும் வாய்ப்புமே மாறின.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. பிறப்பு விகிதம் மிகத் தாழ்ந்துவிட்டது என்ற கவலையால், இக்கொள்கையை நீண்ட காலம் தொடர்ந்தது தவறு என 2012இல் உச்சத் தலைவர் அலீ காமெனயி அறிவித்தார். 2021ஆம் ஆண்டுச் சட்டம், பொதுச் சுகாதார அமைப்பில் கருத்தடைச் சாதனங்களை இலவசமாக வழங்குவதைத் தடை செய்தது. முதுமையுறும் சமுதாயத்தைப் பற்றிய கவலை பொருளற்றதன்று. ஆனால் இத்தடையின் சுமை எல்லோர்மீதும் ஒருபோல் விழாது. வசதியுள்ள நகரத்துப் பெண் மருந்துக் கடையில் விலை கொடுத்துப் பெறுவாள். சுகாதார இல்லத்தையே நம்பியிருந்த கிராமத்து ஏழைப் பெண் எங்கே செல்வாள்?

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இல்லறத்துக்குள் மனைவியின் இசைவைக் கேட்டார்கள். மக்கள்தொகையைக் குறைக்க நினைக்கும் அரசும் பெருக்க நினைக்கும் அரசும் அதே இசைவைக் கேட்கக் கடமைப்பட்டவை என்றே நாம் கருதுகிறோம்.