பவுசியா கலீலி, நூஷின் அல் கதீர்: மகளிர் கிரிக்கெட்டில் நாம் படிக்காத பக்கம்

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. மறுநாள் மாலை காஞ்சிபுரத்தில் நம் மக்தபில் குர்ஆன் பாடம் முடிந்ததும், பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி பையைத் தோளில் மாட்டியபடியே, "உஸ்தாத், நம்ம பேரு உள்ளவங்க யாராவது இந்தியாவுக்காக ஆடியிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆண்கள் அணியென்றால் பத்துப் பெயர்களை உடனே சொல்லியிருப்போம். பெண்கள் அணியில் ஒரு பெயரும் நம் நாவில் வரவில்லை. வரலாறு கற்பிக்கும் நமக்கு அது வெட்கமாகவே இருந்தது. தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பெண்கள் பொது மைதானத்தில் ஆடுவது, உடை, பார்வையாளர் ஆகியவை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. இக்கட்டுரை ஃபத்வா அன்று. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும், ஒரு முறை அன்னையும் பின்னொரு முறை நபியவர்களும் முந்தியதையும் அபூதாவூதின் தொகுப்பில் நம் மாணவியர் படித்திருக்கிறார்கள். கீழே வரும் பெண்களின் உள்ளத்தை எடைபோடுவதும் நம் வேலையன்று. அவர்கள் செய்த பணியை மட்டுமே பேசுகிறோம்.

இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973-இல் லக்னோவில் பதிவு செய்யப்பட்டது. அதன் தலைவராக அமர்ந்தவர் பேகம் ஹமீதா ஹபீபுல்லாஹ். உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். 1976 முதல் 1982 வரை மாநிலங்களவையிலும் இடம்பெற்றார். பெண்கள் கிரிக்கெட் ஆடுவதே வேடிக்கைப் பொருளாக இருந்த காலத்தில் அந்தச் சங்கத்தின் தலைமையில் ஒரு முஸ்லிம் பெண்மணி இருந்தார் என்பதை நம் சமுதாய இதழ்களில் நாம் படித்த நினைவில்லை. அவ்வாண்டு புணேயில் நடந்த முதல் மாநிலங்களிடைப் போட்டிக்கு வந்தவை மூன்றே அணிகள்.

மூன்றே ஆண்டுகளில், 1976 அக்டோபர் இறுதியில், மேற்கிந்தியத் தீவுகள் மகளிர் அணி பெங்களூரில் களமிறங்கியது. இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் அது. அடுத்த டெஸ்ட் மதராஸில். பிறகு டெல்லி, பாட்னா, லக்னோ, ஜம்மு. தலைவி சாந்தா ரங்கசாமி மதராஸில் பிறந்தவர். விக்கெட் கீப்பர் பவுசியா கலீலியும் மதராஸில் பிறந்தவர்தாம். பாட்னாவில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது.

பவுசியா மொத்தம் 8 டெஸ்டுகள் ஆடினார். ஆனால் அவர் பெயர் ஏட்டில் நின்றது 1982-இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையால். ஐந்து அணிகள், இந்தியா 12 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று நான்காம் இடம் பெற்றது. தோற்ற அணியின் கீப்பரை யார் நினைவில் வைப்பார்? அந்தத் தொடரில் கேட்ச், ஸ்டம்பிங் இரண்டும் சேர்த்து 20 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். ஒரே மகளிர் உலகக் கோப்பையில் ஒரு கீப்பர் எட்டிய மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்றாக அது நெடுங்காலம் நிலைத்தது.

அன்றைய இந்திய அணி டயானா எடுல்ஜி, சுபாங்கி குல்கர்னி போன்ற சுழற்பந்து வீச்சாளர்களை நம்பிய அணி. சுழற்பந்துக்குக் கீப்பர் ஸ்டம்புகளை ஒட்டி நிற்க வேண்டும்; மட்டையாளரின் கால் கோட்டைத் தாண்டும் கண நேரத்தில் பெயில்களைத் தட்ட வேண்டும். நம் ஊரில் கோர்வைப் புடவை நெய்யும்போது, நடுவில் நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்கும் ஓர் ஆள் இருப்பார். அவர் ஒரு நொடி பிந்தினால் கரையும் உடலும் சேராது. புடவையைப் புகழ்பவர்கள் அந்த ஆளின் பெயரைக் கேட்பதில்லை. பவுசியாவின் 20-ஐப் படித்தபோது நமக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

அந்த உலகக் கோப்பைக்குப் போக ஒவ்வொருவரும் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருந்ததென்று டயானா எடுல்ஜி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாட்டுக்காக ஆடக் கையிலிருந்து பணம்! 1982-இல் பத்தாயிரம் என்பது எத்தனை மாதக் கூலி என்பதைத் தறிக்காரர் குடும்பங்கள் கணக்கிட்டுக்கொள்ளட்டும். ஆகவே அதைத் தொழில் என்று சொல்ல இயலாது.

தொழிலாக மாறிய கதைக்கு நாம் குல்பர்காவுக்குப் போக வேண்டும். நூஷின் அல் கதீர் 1981-இல் ஈரானில் பிறந்து, கர்நாடகத்தின் குல்பர்காவில் வளர்ந்தவர். வலக்கை ஆஃப் ஸ்பின் வீச்சாளர். 2002-இல் இந்திய அணிக்குள் வந்து 78 ஒருநாள் ஆட்டங்களில் சரியாக 100 விக்கெட்டுகள் எடுத்தார்; அதில் ஓர் ஆட்டத்தில் 14 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். டெஸ்டுகள் ஐந்து மட்டுமே. பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டங்கள் அரிதாகவே கிடைத்தன, அவர் குறையன்று.

அவருக்குச் சோறு போட்டது ரயில்வே. இந்திய ரயில்வே விளையாட்டு வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்து, அவர்களைக் கொண்டே ஓர் அணியையும் நடத்தியது. மாதம் பிறந்தால் சம்பளம், ஆட்டத்துக்குப் போக விடுப்பு, பயணத்துக்குப் பாஸ். மிதாலி ராஜும் அங்கேதான். தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்ததற்கு இரகசியம் ஏதுமில்லை. திருமணத்துக்குப் பிறகோ குடும்பக் கடனுக்காகவோ ஒருத்தி மட்டையைக் கீழே வைக்காமல் இருக்க அங்கு வழியிருந்தது.

2005 ஏப்ரல் 10. தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம். ஆஸ்திரேலியா 215 எடுத்தது. இந்தியா 117-இல் சுருண்டு 98 ஓட்டங்களில் தோற்றது. நூஷின் இருந்த அந்த அணிக்கு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததென்று மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். எட்டு ஆட்டங்கள், எண்ணாயிரம் ரூபாய்! அடுத்த ஆண்டில்தான் மகளிர் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பில் வந்தது. 2015-இல் ஒப்பந்தச் சம்பளம் தொடங்கியது. 2022 அக்டோபரில் ஆண்களுக்குரிய அதே ஆட்ட ஊதியம் பெண்களுக்கும் அறிவிக்கப்பட்டது: டெஸ்டுக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம், இருபது ஓவருக்கு 3 இலட்சம். நூஷின் ஆடி முடித்துப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

ஆடுவதை நிறுத்தியவர் ரயில்வே அணிக்குப் பயிற்சியாளரானார். பின்னர் 19 வயதுக்குட்பட்டோர் அணி அவரிடம் வந்தது. அவ்வயதுப் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2023-இல் அதே தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஜனவரி 29 அன்று போச்சஃப்ஸ்ட்ரூமில் இங்கிலாந்தை 68 ஓட்டங்களுக்குச் சுருட்டி, 14 ஓவர்களில் ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். இந்திய மகளிர் கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை அதுவே. பெரியவர்கள் வென்றது அதற்குப் பிறகுதான். 2025 பிப்ரவரியில் கோலாலம்பூரில் மீண்டும் அவர் பயிற்சியில் கோப்பை வந்தது. அந்த அணியில் விக்கெட் கீப்பராக நின்றவள் தமிழ்நாட்டுப் பெண் கமலினி. மதராஸின் பவுசியா கையுறை மாட்டி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து!

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். கேள்வி கேட்டவள் 20 என்ற எண்ணை மட்டும் தன் தஜ்வீத் நோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டாள். அவளும் தெருவில் கீப்பர்தானாம்.

அவளுடைய தந்தை பட்டு ஜவுளிக் கடையில் விற்பனையாளர். மாவட்ட விளையாட்டரங்கில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி இருக்கிறதாம், அனுப்பலாமா ஹஸ்ரத் என்று நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். உடை விஷயமும் மாலை நேரமும் பேசினோம். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் கிரிக்கெட்டில் வழக்கமே என்பது அவருக்குச் செய்தியாக இருந்தது. "இதுல வேலை கிடைக்குமா?" என்றார். நூஷினின் ரயில்வே வேலையைச் சொன்னோம். எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை. சற்று நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தவர், தாயாரிடம் கேட்டுச் சொல்வதாகவும், எப்படியும் மஃரிபுக்குள் பிள்ளை வீடு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.