பல்லின் வேரில் மறைந்த பாதைகள்

சொத்தைப் பல்லைப் பிடுங்கி எறிவதே நெடுங்காலம் வைத்தியமாக இருந்தது. பல்லைக் காக்க வேண்டுமாயின் அதன் வேருக்குள் நரம்பும் குருதியும் செல்லும் நுண்குழாயைத் துப்புரவாக்கி அடைத்தல் வேண்டும். ஒரு குழாய் கண்ணுக்குத் தப்பினாலும் சீழ் வைத்து நோவு மீளக்கூடும், பல்லும் போய்விடும். மயிரிழை போன்ற அக்குழாய்கள் எத்தனை, எங்கே வளைகின்றன என்பதை உயிருள்ளவர் வாயில் எவ்வாறு காண்பது?

1895 நவம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களுக்குள்ளாகவே, 1896 ஜனவரியில், பிரான்ஸ்விக் நகரப் பல் வைத்தியர் ஓட்டோ வால்க்காஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்காக 25 நிமிடம் அசையாது கிடந்தார். இன்று அதற்கு ஒரு விநாடிகூட வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்பார் இதனை அன்றாடத் தொழிலில் பயன்படுத்தினார். 1899இல் நோயாளியின் வேர்க்குழாயினுள் மெல்லிய ஈயக் கம்பியை நுழைத்துப் படமெடுத்து, அதன் நீளத்தை அளந்தார். கைப்பழக்கத்தால் மட்டும் உணர்ந்து வந்த ஒன்று அன்று கண்ணுக்குப் புலனாயிற்று. அதற்கு அவர் கொடுத்த விலையோ பெரிது. கதிர்க்குழலைச் சரிபார்க்கத் தம் கையையே பலமுறை அதன் முன் நீட்டியவர் அவர். புற்று தோன்றியது, விரல்கள் போயின, பின் கை போயிற்று, தோள் வரை போயிற்று. பல அறுவைகளுக்குப் பின், 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

படம் நிழலே என்பதை மறத்தலாகாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு குழாய்கள் படத்தில் ஒன்றாகவே விழும். கதிர்க்குழலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி மீண்டும் படமெடுத்தால் அவற்றைப் பிரித்தறியலாம் என்பதை 1910இல் கிளார்க் காட்டினார். எனினும் குழாய்களின் முழு உருவைத் தெளிவுறக் காட்டியது எக்ஸ்ரே அன்று, ரப்பரே! சூரிச் நகரின் வால்ட்டர் ஹெஸ், பிடுங்கிய பற்கள் ஏறத்தாழ 2,800 கொண்டு, அவற்றுள் ரப்பரைச் செலுத்தி இறுகச் செய்து, பல்லை அமிலத்திற் கரைத்தார். எஞ்சிய வார்ப்புகள் கிளைகளும் வலைப்பின்னல்களுமாய் நின்றன. 1917இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி, குழாய் என்பது நேரான துளை என்ற எண்ணத்தைக் குலைத்தது. மேல்வரிசை முதற் கடைவாய்ப்பல்லில் மூன்று குழாய்களே என்று எண்ணியிருந்தோர்க்கு, பாதிக்கு மேற்பட்டவற்றில் நான்காவதும் உண்டென்பது வியப்பாயிருந்திருக்கும்.

குழாயை அடைக்கும் பொருளுக்கும் மலாய் நாட்டிற்கும் உறவுண்டு. கெட்டா பெர்ச்சா என்பது இப்பகுதிக் காடுகளின் மரப்பாலே. அதன் பெயரும் மலாய்ச் சொல்லே. சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி 1843இல் அதனை இலண்டனுக்கு அறிமுகப்படுத்தினார்.

நிழலின் குறை நெடுங்காலம் தீரவில்லை. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி உடலை அடுக்கடுக்காகக் காட்டிற்று; 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் கூம்புக்கதிர்க் கருவிகள் பல்லுக்கெனவே தோன்றின. பல்லைப் பிடுங்காமலே அதன் வேரை எத்திசையிலும் வெட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தல் இதனால் கைகூடியது.

மனித இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவும் இப்படங்கள் துணை செய்கின்றன. கீழ்வரிசை முதற் கடைவாய்ப்பல்லில் நாக்கின் பக்கம் முளைக்கும் கூடுதல் வேரைக் கராபெல்லி 1844லேயே குறித்தார். ஐரோப்பியரில் அஃது அரிது. சீனரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் உண்டு. கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் குழாய்கள் பிறைபோல் ஒன்றாய் இணைவதும் சீனரிடமும் கொரியரிடமும் மூன்றில் ஒன்றை ஒட்டிக் காணப்படுகின்றது. ஐரோப்பியப் பற்களைக் கொண்டு எழுதிய நூலை மட்டுமே கற்ற வைத்தியர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அவ்வேரைத் தேடாமலே விட்டுவிடக்கூடும்.