ரெசிடென்சியும் நிலையமும்

போலாரம் ரெசிடென்சி 1860இல் கட்டப்பெற்றது. அதற்கு மூத்தது, கிர்க்பாட்ரிக் 1803இல் ஐதராபாத் நகரில் கட்டத் தொடங்கிய மாளிகை. ஆங்கிலேயப் பேராளர் அகன்றபின் இரண்டும் வேறுவேறு பயன் எய்தின. நகர மாளிகை 1949இல் மகளிர் கல்லூரி வளாகமாயிற்று. பழுதுற்று, 2002இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. மாளிகையைச் சுட்டும் 'கோட்டி' என்னும் உருதுச் சொல்லே அப்பகுதிக்குப் பெயராய் நின்றது, கோட்டையொடு மயங்கற்க.

போலாரமோ 90 ஏக்கர்ச் சோலையுடன் 'ராஷ்டிரபதி நிலயம்' ஆயிற்று; 2023 முதல் பொதுமக்களும் அதன் தோட்டப் பாதைகளில் உலவலாம். மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இதுவே. வடமொழி 'நிலய' உறைவிடத்தைக் குறிக்கும். தமிழ் 'நிலையம்' இன்று தொடர்வண்டிக்கும் காவலர்க்கும் உரியது. 'குடியரசுத் தலைவர் நிலையம்' என்று எழுதின் அலுவலகமென்றே பொருள்படும். 'மாளிகை' என்பதோ தில்லிக்கு உரித்தாகிவிட்டது. எஞ்சுவது 'இல்லம்', அதுவே பொருந்தும்.